கடைசிப் படகில் ஓர் ஆள் குறைந்தது

எங்கள் தீவுக்குப் பாலம் திறந்துவிட்டார்கள். வண்டியை அக்கரையில் நிறுத்திவிட்டு நடந்தால் ஐந்தே நிமிடத்தில் கவிஞரின் நினைவு இல்லத்துக்குப் போய்விடலாம். இனி படகு வேண்டாம். படகுத்துறையில் கடைசியாக வேலை பார்த்தவர்கள் கலைந்து போகுமுன் ஒரு சிறு மலர் போடுகிறார்களாம். என்னிடமும் கேட்டார்கள். "சந்தோசமா நாலு சம்பவம் எழுதித் தாங்கண்ணே" என்றார் ஒருவர்.

சந்தோஷமானவையும் இருந்தன. ஆனால் அந்தப் படகில் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு சனிக்கிழமை. அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

நான் முட்டத்துக்காரன். அப்பாவோடு கடலுக்குப் போனவன். அண்ணன் கடலில் மாண்டபிறகு அம்மா என்னை வள்ளம் ஏற விடவில்லை. எஞ்சின் படகு ஓட்டச் சான்றிதழ் வாங்கினேன், இந்தப் படகுத்துறையில் இரண்டு வருடம் கயிறு பிடித்தேன், பிறகு சுக்கான் கைக்கு வந்தது. படிப்பு அவ்வளவுதான்.

தீவு ஆறும் கடலும் சேரும் பொழிமுகத்தில் இருக்கிறது. ஆற்றுப் பக்கம் தென்னந்தோப்பும் பதினைந்து வீடுகளும். கடல் பக்கம் தாழைப் புதரும் பாறையும்; அங்கே ஆள் புழக்கம் கிடையாது. கவிஞர் பிறந்ததும் கடைசிவரை எழுதியதும் அந்தத் தீவில்தான். அவர் ஒரு பாறையில் அமர்ந்து எழுதிய பாட்டுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தது. அந்தப் பாறையைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள்.

ஆனால் அவர்கள் பார்த்தது அந்தப் பாறையை அல்ல.

நினைவு இல்லம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உண்மையான பாறை கடல் பக்கம் இருக்கிறது. தாழைக்குள் குனிந்து போய், பாசி படிந்த கல்லில் இறங்க வேண்டும். அவர் பாதி வழி போய்விட்டுத் திரும்பினார். பேன்ட்டில் முள் கிழித்திருந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு வழவழப்பான பாறையைக் காட்டி, "இது போதும், இங்க போர்டு வைங்க" என்றார். அதைச் சுற்றிக் கம்பி வேலி போடச் சிமெண்டு சுமந்தவர்களில் நானும் ஒருவன். அன்று எங்களுக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். நாலு பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் படகுத்துறை அலுவலர் தாணுமாலயன். தாணு சார் என்போம். மெலிந்த உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆள் எண்ணுவது அவருக்கு வழிபாடு மாதிரி. அழுத்தி எண்ணும் சின்னக் கருவி ஒன்று துறையில் கொடுத்திருந்தார்கள். அதை அவர் தொடவே மாட்டார். படகில் ஏறும் ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட் தோள்பட்டையையும் விரலால் தொட்டு எண்ணுவார். "கண்ணு ஏமாத்தும் மரியதாஸ், விரலு ஏமாத்தாது" என்பார்.

முறை இதுதான். காலையிலிருந்து எத்தனை பேர் டிக்கெட் வாங்கித் தீவுக்குப் போனார்கள் என்பது எண்ணிக்கைப் புத்தகத்தில் இருக்கும். ஒவ்வொரு நடையிலும் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதும் இருக்கும். ஐந்து மணிக் கடைசிப் படகில் மிச்சம் அத்தனை பேரும் இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கயிறு அவிழாது. ஹாரன் அடிக்க வேண்டும், ஓர் ஆள் தீவைச் சுற்றி வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தீவுக்காரர்களின் விருந்தாளிகளும் டிக்கெட் எடுத்துத்தான் வருவார்கள். இரவு தங்கினால் துறையில் பெயர் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கொடுப்பதில்லை. அதனால் ஆள் குறைந்தால் அநேகமாக யாராவது ஒரு வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். அது தெரிந்தும் தாணு சார் விடமாட்டார்.

ஒருமுறை இரண்டு பேர் குறைந்தது. படகில் ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம். அவர் எழுந்து, "நாங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். தாணு சார், "தெரியும் சார். நீங்க ஆறு பேரு. உங்களையும் சேத்துத்தான் எண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டீபனைத் தேட அனுப்பினார். ஸ்டீபன் எங்கள் கயிற்றுக்காரர், என்னைவிடச் சின்னவர். அரை மணி நேரம் கழித்துப் புதிதாகக் கல்யாணமான ஒரு சோடியைக் கூட்டிவந்தார். தென்னைமூட்டு நிழலில் தூங்கிப்போயிருக்கிறார்கள். தாணு சார் திட்டவில்லை. இருவர் தோளையும் தொட்டார். "இப்ப கயித்தை அவுரு" என்றார்.

இப்படி ஒருவரோடு வருடக்கணக்காக வேலை பார்த்தவன் நான். முறை தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை தாணு சார் லீவு. பூதப்பாண்டியில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். பொறுப்பு என்னிடம் இருந்தது.

இரண்டு மணி நடையில் ஒருவர் தனியாக ஏறினார். எழுபது வயது இருக்கும். வெள்ளை ஜிப்பா, தோளில் துணிப்பை. சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரே பேச்சுக் கொடுத்தார். பெயர் ஞானதாஸ், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகளை மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது, தான் நாகர்கோவிலில் தனியாக இருப்பதாகச் சொன்னார்.

"முப்பது வருசமா இந்தப் பாட்டை நடத்தியிருக்கேன். ஒரு தடவகூட இஞ்ச வந்ததில்ல, பாத்துக்கோ" என்று சிரித்தார்.

மூன்று மணி நடைக்கு நான் தீவுத் துறையில் ஆள் சேரக் காத்திருந்தபோது அவர் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏன் தம்பி, அந்தப் பாறை எதுக்கு அங்க கெடக்கு?"

"கவிஞர் உக்காந்த பாறை சார்."

"இல்ல. ஒரு காதுல ஆறும் மறு காதுல கடலும் கேக்கும்னு எழுதியிருக்காரு. அங்க நின்னா ஆறு மட்டும்தான் கேக்குது. கடல் எங்க? அந்த வழிகாட்டிகிட்டக் கேட்டா, அது கற்பனைங்கான். அந்த மனுசன் ஒரு வரிகூட கற்பனையா எழுதினவரில்ல."

இத்தனை வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வெட்கம் என்றும் சொல்லலாம். சிமெண்டு சுமந்தவன் அல்லவா? சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"சார் சொல்லதுதான் சரி. நெசமான பாறை அந்தப் பக்கம் கெடக்கு. தோப்பு முடியுற எடத்துல தாழைக்குள்ள ஒரு ஒத்தையடி. ஆனா போகக்கூடாது, வழுக்கும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டிப் பாத்துட்டு வந்திருவேன் தம்பி."

"அஞ்சு மணிக்குக் கடைசிப் படகு சார். பைய போங்க."

துணிப்பையை இறுக்கிக்கொண்டு தோப்புக்குள் போனார். நான் மூன்று மணி நடையை எடுத்தேன். பிறகு நாலு மணி நடை. அதில் எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்டு நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டீபன் எண்ணி ஏற்றினார்.

ஐந்து மணிப் படகில் முப்பத்தெட்டுப் பேர் ஏற வேண்டும். தோள் தொட்டு எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு.

ஹாரன் மூன்று முறை அடித்தேன். மேற்கே மழை கறுத்து நின்றது. மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டம் நாகர்கோவிலில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கத்தியது. ஒரு கைக்குழந்தை நிறுத்தாமல் அழுதது.

"ஏதாவது வீட்டு விருந்தாளியா இருக்கும்ணே" என்றார் ஸ்டீபன். "மழையில மாட்டினா இத்தன பேரும் கஷ்டம். பெட்டெண்ணு எடுங்க, நேரமாகுது."

அப்போது அந்த வெள்ளை ஜிப்பா எனக்கு நினைவுக்கு வந்தது. பிறகு நடந்த விசாரணையில் நான் இதைச் சொல்லவில்லை; இப்போது சொல்கிறேன். அவர் முகம் தெளிவாக நினைவுக்கு வந்தது. படகுக்குள் தேடினேன், இல்லை. நாலு மணிப் படகில் போயிருப்பார், நான் எஞ்சினில் குனிந்திருந்தேன் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருந்தால் கணக்கு ஏன் குறைகிறது என்று அடுத்த கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் இறங்கிப் போக வேண்டும்.

புத்தகத்தில் முப்பத்தேழு என்று முதலில் எழுதியிருந்தேன். ஏழை எட்டாகத் திருத்தினேன். கயிறு அவிழ்ந்தது.

மறுநாள் காலையில் தாழைமடல் வெட்டப் போன ஒரு பெண்தான் கண்டது. பாறைக்கு இறங்கும் வழியில் இரண்டு கல்லுக்கு நடுவே அவர் கால் சிக்கி முறிந்திருந்தது. கடல் ஏறிவந்து இறங்கியிருந்தது. செல்போன் கைக்கு எட்டாத ஒரு இடுக்கில் தண்ணீரில் கிடந்தது. துணிப்பை மட்டும் நனையவில்லை. அதை எட்டியமட்டும் உயரத்தில் தூக்கி வைத்திருந்தார்.

உடலைக் கொண்டுவந்தது எங்கள் படகில்தான். சுக்கான் பிடித்தவன் நான்.

போலீஸ் கேட்டது, துறையில் கேட்டார்கள். கடைசிப் படகில் எண்ணிக்கை சரியாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழி சொன்னதையும் சொல்லவில்லை. ஸ்டீபன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் அப்படியே எழுதினார். எண்ணிக்கை சரி என்றால் அவர் எப்படித் தீவில் இருந்தார்? எண்ணி முடித்தபின் பணியாளர்கள் கண்ணில் படாமல் படகிலிருந்து இறங்கி ஒளிந்து தங்கியிருக்கிறார் என்று அறிக்கை போயிற்று. தனியாக இருந்தவர், மனைவியை இழந்தவர், தடை செய்த இடத்துக்குப் போயிருக்கிறார். அதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும்? சாகத்தான் வந்தார் என்று ஆகிவிட்டது.

அத்தோடு முடியவில்லை. ஓர் இரங்கல் கூட்டத்தில் யாரோ, தமிழுக்காக வாழ்ந்தவர் தமிழ் பிறந்த பாறையிலேயே உயிரை விட்டார் என்று பேசியிருக்கிறார். வழிகாட்டி அதைப் பிடித்துக்கொண்டார். நினைவு இல்லத்தைச் சுற்றிக்காட்டி முடிக்கும்போது, "கவிஞர் மேல பக்தி கொண்ட ஒரு ஆசிரியர், கடைசி மூச்சை இங்கதான் விடணும்னு வந்து விட்டாரு" என்று சொல்லத் தொடங்கினார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த இடம் எது என்று தோப்புப் பக்கம் கைநீட்டிப் படம் எடுத்தார்கள். ஆள் வருவது கூடியது. நான் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அதைக் கேட்டேன்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். டிக்கெட் எடுத்து எல்லோரோடும் ஏறினாள். நினைவு இல்லத்தில் வழிகாட்டி சொன்னதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டிருக்கிறாள். திரும்பும் நடைக்கு நேராக என்னிடம் வந்தாள்.

"நான் ஞானதாஸ் சாருக்க மக. பேரு ஜெசி. அண்ணு, அந்தச் சனிக்கிழமை படகு ஓட்டினது நீங்கதானா?"

"ஆமா."

"எனக்க அப்பா வேணும்னேதான் அங்க நின்னாரா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. "சபையில போதகரு, தானா செத்தது பாவம்னு சொல்லல. ஆனா அடக்கத்துக்குப் பிறகு ஒருத்தரும் எனக்க முகத்தப் பாத்துப் பேசல. வீட்டுல மாமியார் சொல்லுது, மக பாக்காததாலதான் செத்தாருன்னு. அண்ணு ராத்திரி நான் விளிச்சேன். போன் எடுக்கல. சீக்கிரம் ஒறங்கிட்டாருன்னு நெனச்சேன். அதான் கேட்டேன்." சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். கரை வந்ததும் அவளாகவே லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த நாள் தாணு சாரின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். வழி சொன்னது, ஆள் குறைந்தது, எண்ணைத் திருத்தியது எல்லாம் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த மாத எண்ணிக்கைப் புத்தகத்தை எடுத்தார். தேடவில்லை, கை நேராக அந்தப் பக்கத்துக்குப் போயிற்று. திருத்திய எட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதை நான் திங்கக்கிழமை காலையிலயே பாத்தாச்சு மரியதாஸ்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "பாத்துட்டு ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

அவர் புத்தகத்தை மூடினார். "எனக்கு ஓய்வுக்கு ஆறு மாசம்தான் பாக்கி. விசாரணை வந்தா என்னைத்தான் முதல்ல நிறுத்துவான். நீரு சொன்னா நானும் சொல்லுவோம்னு இருந்தேன். நீரு சொல்லல. எனக்கு அது சௌகரியமா இருந்துது."

குரல் உயராத மனிதர் அதையும் உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். "எழுதும். வழி சொன்னதையும் எழுதும். கீழ நானும் எழுதுகேன்."

எழுதினோம். அவர் ஓய்வு ஊதியம் நெடுநாள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஸ்டீபன் வேலையை விட்டு வளைகுடாவுக்குப் போனார். என்மேல் வழக்கு நடந்தது, தண்டனை வந்தது. துறையில் சுக்கானை எடுத்துவிட்டுக் கயிற்றில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை கயிறுதான் பிடித்தேன். வழிகாட்டி அந்தக் கதையை நிறுத்திக்கொண்டார். பொய்ப் பாறையின் போர்டு மட்டும் இன்றும் இருக்கிறது. பாலத்தில் இறங்கியதும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அறிக்கை எழுதிக் கொடுத்த அன்று மத்தியானமே நான் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன். மகளுக்கு நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வீட்டு முற்றத்தில் ஜெசி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். வழி சொன்னதைச் சொன்னேன். ஓர் ஆள் குறைந்ததைச் சொன்னேன். அவர் முகம் நினைவுக்கு வந்ததை மட்டும் என்னால் அன்றும் சொல்ல முடியவில்லை.

அவள் கையில் ஈரத் துணி அப்படியே இருந்தது.

"படகு போற சத்தம் அந்தப் பாறைக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

"ஆரன் அடிச்சது?"

"அதுவும் கேக்கும்மா."

"நீங்க வருவீங்கன்னு நெனச்சிருப்பாரு."

அவள் துணியைக் கொடியில் போட்டாள். உள்ளே போய்ச் செல்போனோடு வந்தாள். அடிக்கப்போகிறாள், போலீசைக் கூப்பிடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். எதற்கும் தயாராக நின்றேன்.

அவள் கணவனைக் கூப்பிட்டாள். "அத்தான், அப்பா வேணும்னு நிக்கல. வரணும்னுதான் கெடந்திருக்காரு. விட்டுட்டுப் போனவரு இஞ்ச நிக்காரு, அவரே சொல்லுவாரு" என்று போனை என்னிடம் நீட்டினாள். சொன்னேன். அடுத்து உள்ளேயிருந்து மாமியாரை அழைத்து என் முன்னால் நிறுத்தினாள். சொன்னேன். பிறகு சபைப் போதகர். பிறகு அவள் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வைத்தாள். பாதியில் என் குரல் தேய்ந்தால், "எண்ணினதையும் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்தாள்.

கடைசியாக, தக்கலையில் இருந்த அவள் அப்பாவின் அக்காளைக் கூப்பிட்டாள். எண்பது வயதாம், காது சரியாகக் கேட்காது. நான் சொன்னது அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. "ஆரு? என்ன சொல்லுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் ஜெசி.

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. மதில்மேல் இரண்டு தலை தெரிந்தது. நான் போனை வாயருகே பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"உங்க தம்பி சாகணும்னு போகல அம்மா! நான்தான் விட்டுட்டு வந்தேன்! ஒரு ஆளு குறையுதுன்னு தெரிஞ்சே விட்டுட்டு வந்தேன்!"

மூன்றாவது முறை கத்தியபோதுதான் அந்த அம்மாளுக்குக் கேட்டது.